கொசுறில் வந்த நட்சத்திரம்: கிளீவ்லாந்து அணியின் 28 ஆண்டு ட்ரேட் சங்கிலி

காய்கறி வாங்கி முடித்துப் பையை நீட்டும்போது கடைக்காரர் கடைசியாக ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் போடுவாரே, அதற்குப் பெயர் கொசுறு. கணக்கில் வராது. வாங்குபவரும் அதற்காகக் கடைக்குப் போனதில்லை.

2000ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து பேஸ்பால் அணி தன் பெரிய பேட்டர் ஒருவரை நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்தவர்களில் பெயர் தெரிந்தவர் ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. ‘பெயரை அப்புறம் சொல்கிறோம்’ என்று ஒத்திவைக்கப்பட்ட இருவரில் ஒருவர் பத்து ஆண்டுகள் அந்த அணியில் இருந்தார். அவரை விற்றபோது வந்தவர் இரண்டு முறை லீக்கின் சிறந்த பிட்சர் (பந்து வீசுபவர்) ஆனார். அவரையும் விற்றபோது வந்தவர் லீக்கின் சிறந்த ‘முடிப்பாளர்’ (கடைசியில் இறங்கி ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்சர்) ஆனார்.

இந்தச் சங்கிலி தொடங்கியது 1991இல். இங்கே அதைத் தொடக்கத்திலிருந்து பதிவு செய்கிறேன். வீரர்களின் பெயர் இல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. முடிவெடுத்த அதிகாரிகளைப் பதவியால் மட்டும் குறிப்பிடுகிறேன். இடையில் ஆட்கள் மாறினார்கள், எடுத்த முடிவுகளின் சாயல் பெரிதாக மாறவில்லை.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு

ட்ரேட் என்றால் வீரருக்கு வீரர் மாற்றிக்கொள்வது. பெரும்பாலும் பணம் பக்கவாத்தியம்தான். மேஜர் லீக்கில் (அமெரிக்க பேஸ்பாலின் உயர்மட்டம்) ஆறு ஆண்டுகள் முடித்த வீரரின் ஒப்பந்தம் தீர்ந்தால், அவர் விரும்பிய அணிக்குப் போகலாம். பழைய அணியைக் கேட்க வேண்டியதில்லை. அதனால் ஒரு வீரரின் மதிப்பு என்பது அவர் திறமை மட்டுமல்ல, அவர் இன்னும் எத்தனை ஆண்டுகள் நம்மோடு இருப்பார் என்பதும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

இன்னொன்று, இ.ஆர்.ஏ. ஒரு பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் விடுகிறார் என்ற கணக்கு (ஃபீல்டர்கள் செய்த பிழையால் போன ரன்களைக் கழித்துவிடுவார்கள்). 3க்குக் கீழே இருந்தால் பிரமாதம். 5க்கு மேலே போனால் வேலைக்கே ஆபத்து.

பின்னணி: 105 தோல்விகள்

1991 சீசனில் கிளீவ்லாந்து இந்தியன்ஸ் (இன்று கார்டியன்ஸ்) 57 ஆட்டங்களில் வென்று 105இல் தோற்றது. ஏரிக்கரையில் இருந்த பழைய மைதானம் பெரியது, பாதிக்கும் மேல் காலியாகவே கிடக்கும். 1954க்குப் பிறகு உலகத் தொடருக்கு (மேஜர் லீக்கின் இரண்டு லீக்குகளின் சாம்பியன்கள் மோதும் இறுதித் தொடர்) போனதில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் புதிய ஜெனரல் மேனேஜர் பொறுப்பேற்றார். 1994இல் புதிய மைதானம் திறக்கவிருந்தது. அதற்குள் இளம் வீரர்களைச் சேர்த்து, அவர்களோடு முன்கூட்டியே நீண்ட ஒப்பந்தம் போட்டு, மைதானம் திறக்கும்போது நல்ல அணியாக நிற்க வேண்டும் என்பது திட்டம்.

கையில் கொடுப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. இருந்தவர்களில் ஒருவர் வில்லி பிளேர் என்ற பிட்சர், முந்தைய ஆண்டு டொரொண்டோவிலிருந்து ட்ரேடில் வந்தவர். இன்னொருவர் எடி டாபன்ஸி என்ற இளம் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர்). ஓக்லாந்து அணி வேண்டாமென்று விட்டபோது 1991 ஏப்ரலில் கிளீவ்லாந்து எடுத்துக்கொண்டது. ஒருவிதத்தில் சங்கிலியின் அடிவேர் இந்தக் கேட்சர்தான்.

1991 டிசம்பர்: தேவை தெரிந்த இடத்தில் கடை விரித்தது

ஹூஸ்டன் அணியின் கேட்சர் கிரெய்க் பிஜியோ. நல்ல பேட்டர், வேகமாக ஓடுபவர். கேட்சராகவே வைத்திருந்தால் முட்டி போய்விடும் என்று அவரை 1992இலிருந்து இரண்டாவது பேஸைக் (ரன் எடுக்க ஓடுபவர் தொட வேண்டிய இடங்களில் ஒன்று) காக்கும் இடத்துக்கு மாற்ற முடிவு செய்தார்கள். ஆக, அவர்களுக்கு உடனே ஒரு கேட்சர் வேண்டும். சென்டர் ஃபீல்டில் ஸ்டீவ் ஃபின்லி இருந்ததால், அதே இடத்தில் ஆடும் கென்னி லாஃப்டனுக்கு வழியில்லை.

லாஃப்டனின் பின்னணி வித்தியாசமானது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடி, 1988இல் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகள் வரை போனவர். புதிய வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுக்கும் ஆண்டுத் தேர்வில் ஹூஸ்டன் அவரை 17ஆவது சுற்றில்தான் தேர்ந்தெடுத்தது. 1991 கடைசியில் 20 மேஜர் லீக் ஆட்டங்களில் ஆடி .203 சராசரி வைத்திருந்தார். பத்து முறை மட்டையைப் பிடித்தால் இரண்டு ஹிட், அவ்வளவுதான். எண்ணை மட்டும் பார்த்தால் யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள்.

டிசம்பர் 10 அன்று பிளேரும் டாபன்ஸியும் ஹூஸ்டனுக்குப் போனார்கள். லாஃப்டனும் டேவ் ரோடி என்பவரும் கிளீவ்லாந்துக்கு வந்தார்கள்.

1992இல் லாஃப்டன் 66 பேஸ்களைத் திருடினார், அதாவது பிட்சர் பந்து வீசும் நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார். அடுத்த நான்கு ஆண்டுகளில் 70, 60, 54, 75. ஐந்து ஆண்டும் அமெரிக்கன் லீக்கில் அவர்தான் முதலிடம். புதிய மைதானம் நிரம்பியது. 1995இல், வேலைநிறுத்தத்தால் 144 ஆட்டங்களாகச் சுருங்கிய சீசனில், அணி 100 ஆட்டங்களில் வென்றது. 41 ஆண்டுகளுக்குப் பிறகு உலகத் தொடர். ஆனால் அட்லாண்டா பிரேவ்ஸிடம் ஆறாவது ஆட்டத்தில் 1-0 என்று தோற்றார்கள். அந்த ஒரே ரன்னை ஹோம் ரன்னாக அடித்தவர் டேவிட் ஜஸ்டிஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1997 மார்ச்: யாருக்கும் பிடிக்காத முடிவு

1996 முடிந்ததும் கிளீவ்லாந்தின் முதன்மை பேட்டரான ஆல்பர்ட் பெல் ஒப்பந்தம் தீர்ந்து சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குப் போய்விட்டார். ஐந்து ஆண்டுகளுக்கு 55 மில்லியன் டாலர், அன்றைக்கு அது யாரும் கேள்விப்படாத தொகை. அவருடைய இடத்துக்கு, அடுத்த நாளே களத்தில் இறங்கி ஆடக்கூடிய ஒருவர்கூடப் பதிலுக்கு வரவில்லை.

லாஃப்டனின் ஒப்பந்தம் 1997 சீசனோடு முடியவிருந்தது. பெல்லுக்கு நடந்தது இவருக்கும் நடந்துவிடும் என்று நிர்வாகம் அஞ்சியது. மடி வற்றும் வரை வைத்திருந்து மாட்டை விற்பது புத்தியில்லை என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கணக்குதான்.

அட்லாண்டாவுக்கு வேறு கவலை. கிரெக் மேடக்ஸ், டாம் கிளாவின் என்ற இரண்டு பெரிய பிட்சர்களின் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கப் பணம் தேவை. அதற்கு, நீண்ட ஒப்பந்தம் கையில் வைத்திருந்தவர்களைக் கழற்றிவிட வேண்டும். அங்கே ஜஸ்டிஸ் 1996இல் தோள்பட்டை விலகி 40 ஆட்டங்களோடு சீசனை முடித்திருந்தார்.

மார்ச் 25, சீசன் தொடங்க ஏறக்குறைய ஒரு வாரமே இருந்தது. லாஃப்டனும் ஆலன் எம்ப்ரி என்ற பிட்சரும் அட்லாண்டாவுக்குப் போக, ஜஸ்டிஸும் மார்க்கிஸ் கிரிஸமும் கிளீவ்லாந்துக்கு வந்தார்கள். ரசிகர்கள் கோபப்பட்டதில் வியப்பில்லை. ஊரே கொண்டாடிய வீரரைக் கொடுத்துவிட்டு, உலகத் தொடரைப் பறித்த ஆளை வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள்!

அப்புறம் நடந்தது வேறு. 1997இல் ஜஸ்டிஸ் .329 சராசரி, 33 ஹோம் ரன் அடித்தார். கிரிஸம் லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர் ஆனார். அணி மீண்டும் உலகத் தொடருக்குப் போய், ஏழாவது ஆட்டத்தின் பதினோராவது இன்னிங்ஸில் ஃபுளோரிடாவிடம் தோற்றது. அட்லாண்டாவில் லாஃப்டன் காயத்தோடு போராடினார். சராசரி .333 இருந்தும் 27 பேஸ் திருடி 20 முறை பிடிபட்டார்.

இதில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. அந்த டிசம்பரிலேயே லாஃப்டன் சுதந்திர வீரராகக் கிளீவ்லாந்துக்கே திரும்பினார். விற்ற மாடு மறுவருடம் தானாகக் கொட்டிலுக்கு வந்த மாதிரி. நிர்வாகம் திட்டமிட்டது என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று நடந்திருக்கிறது. ஒரு வருட லாஃப்டனைக் கொடுத்துப் பல வருட ஜஸ்டிஸை வாங்கியதால், ஜஸ்டிஸை மறுபடி விற்க முடிந்தது.

2000 ஜூன்: பெயர் சொல்லப்படாத இருவர்

2000 சீசனில் கிளீவ்லாந்தின் பிட்சர்கள் ஒவ்வொருவராகக் காயத்தில் விழுந்தார்கள். அந்த ஒரு சீசனில் 32 பிட்சர்களை இறக்க வேண்டி வந்தது. ஜஸ்டிஸுக்கு வயது 34, ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகள் மிச்சம். யாங்கீஸுக்கு இடக்கையில் அடிக்கும் ஒரு பலசாலி உடனே தேவை.

ஜூன் 29 அன்று ஜஸ்டிஸ் நியூயார்க்குக்குப் போனார். பதிலுக்கு ரிக்கி லெடே என்ற அவுட்ஃபீல்டரும், பின்னர் பெயர் அறிவிக்கப்படும் இருவரும்.

இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ட்ரேட் நடக்கும் நாளில் எல்லாப் பெயர்களையும் உறுதி செய்யத் தேவையில்லை. அந்த வீரர்களைக் கொடுக்க வேண்டிய அணி (இங்கே யாங்கீஸ்) தன் இளம் வீரர்களில் சிலரைச் சுட்டிக்காட்டும். அவர்களைப் பெறும் அணி (இங்கே கிளீவ்லாந்து) சில வாரங்கள் பார்த்து முடிவு சொல்லும். செய்தித்தாள்கள் தலைப்பில் லெடேயின் பெயரைப் போடும், இவர்களைப் பற்றி ஒரு வரி எழுதும். கொசுறு என்று நான் சொல்வது இதைத்தான். ஆனால் கடைக் கொசுறுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு, இங்கே வாங்குபவர் கறிவேப்பிலையைக் கிள்ளிப் பார்த்து எடுக்கலாம்.

ஜூலை கடைசியில் பெயர்கள் வந்தன: ஜேக் வெஸ்ட்புரூக், ஜாக் டே. இருவரும் பிட்சர்கள். வெஸ்ட்புரூக் முதல் சுற்றில் தேர்வாகியும் கொலராடோ, மான்ட்ரியல், யாங்கீஸ் என்று ஏற்கெனவே இரண்டு முறை கைமாறியவர். அந்தக் கோடையில் மேஜர் லீக்கில் மூன்று ஆட்டம் ஆடி நன்றாக அடி வாங்கியிருந்தார்.

லெடேயைப் பெயர் அறிவித்த அதே வாரத்தில் டெக்ஸஸுக்குக் கொடுத்து டேவிட் செகுயி என்ற பேட்டரை வாங்கினார்கள். ஜாக் டே மறுவருடம் மில்டன் பிராட்லி என்ற அவுட்ஃபீல்டராக மாறினார். அந்தக் கிளையும் பிராட்லி, ஃபிராங்க்ளின் குட்டியரெஸ், ஜோ ஸ்மித் என்று இன்னும் நீண்டது. இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

உடனடிப் பலனில் யாங்கீஸ்தான் ஜெயித்தது, அதில் சந்தேகமில்லை. ஜஸ்டிஸ் அவர்களுக்காக 20 ஹோம் ரன் அடித்து, லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரராகி, உலகத் தொடர்க் கோப்பையும் வாங்கினார். கிளீவ்லாந்து 90 வெற்றிகளோடு ஒரே ஆட்ட வித்தியாசத்தில் அடுத்த சுற்றைத் தவறவிட்டது. அன்று எழுதியிருந்தால் இந்த ட்ரேடைத் தோல்வி என்றே நானும் எழுதியிருப்பேன்.

2004 முதல் 2007: கொசுறு காய்த்தது

வெஸ்ட்புரூக் மெதுவாகத்தான் வளர்ந்தார். முழங்கை வலி, மாற்று பிட்சர் வேலை என்று மூன்று ஆண்டுகள் போயின. 2004இல் 14 வெற்றி, 3.38 இ.ஆர்.ஏ., ஆல்ஸ்டார் ஆட்டத்தில் இடம். அடுத்த இரண்டு சீசன்களிலும் தலா 15 வெற்றி. நட்சத்திரம் என்று சொல்ல முடியாது. பந்தைத் தாழ்வாக வீசி, தரையில் உருள வைத்து அவுட் எடுக்கும் உழைப்பாளி.

2007 அக்டோபரில் நடந்த ஒரு ஆட்டத்தைச் சொல்லாமல் நகர மனமில்லை. பாஸ்டனுக்கு எதிரான லீக் இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டம். கிளீவ்லாந்துக்கு வெஸ்ட்புரூக் பந்து வீசினார். இரண்டாவது இன்னிங்ஸில் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்தவர் கென்னி லாஃப்டன். அவருக்கு அப்போது 40 வயது, அந்த ஜூலையில்தான் டெக்ஸஸிலிருந்து மூன்றாவது முறையாகக் கிளீவ்லாந்துக்கு வந்திருந்தார். முடிவு 4-2. சங்கிலியின் முதல் கண்ணியும் அன்றைய கடைசிக் கண்ணியும் ஒரே நாளில் ஒரே சட்டையில் ஆடி ஜெயித்தார்கள். (தொடரைக் கிளீவ்லாந்து ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. அதிலும் வெஸ்ட்புரூக்தான் வீசினார்.)

ட்ரேட் அல்லாத ஒரு கண்ணி

இந்தச் சங்கிலியைப் படமாக வரைபவர்கள் லாஃப்டன், ஜஸ்டிஸ், வெஸ்ட்புரூக், குளூபர் (இரண்டு முறை லீக்கின் சிறந்த பிட்சர் ஆனார் என்று தொடக்கத்தில் சொன்னவர்) என்று அம்புக்குறி போடுவார்கள். வெஸ்ட்புரூக்கிலிருந்து குளூபருக்குப் போகும் அம்பு உண்மையில் பாதியிலேயே அறுந்திருக்க வேண்டியது. அதை ஒட்டவைத்தது ஒரு கையெழுத்து.

வெஸ்ட்புரூக்கின் ஒப்பந்தம் 2007உடன் தீர வேண்டியது. அந்த ஏப்ரலில் அணி அவரோடு மேலும் மூன்று ஆண்டுகளுக்கு, 2008 முதல் 2010 வரை, 33 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. உடனடியாகப் பார்த்தால் அது மோசமான செலவாகவே தெரிந்தது. 2008 ஜூனில் முழங்கைத் தசைநார் அறுவை சிகிச்சை. அந்தச் சீசனின் மீதியும் 2009 முழுவதும் போயிற்று. மூன்று ஆண்டுச் சம்பளத்தில் பாதிக்குமேல் அவர் ஆடாத நாட்களுக்குத்தான் போனது.

ஆனால் அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் அவர் 2007 இறுதியில் சும்மா போயிருப்பார், பெல் போன மாதிரி. 2010 ஜூலையில் விற்க ஒருவர் இருந்தது அதனால்தான். இந்தப் பதிவை எழுதத் தோன்றியதே இந்த இடத்தால்தான்: ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததோடு இணைவது, வீரரின் ஒப்பந்தத்தில் இன்னும் மிச்சமிருக்கும் காலத்தால். ஜஸ்டிஸிடம் இரண்டு ஆண்டு மிச்சம் இருந்தது. வெஸ்ட்புரூக்கிடம் இரண்டு மாதம்தான். அதுவும் போதுமானதாக இருந்தது.

2010 ஜூலை 31: மூன்று அணிப் பேரம்

2010இல் கிளீவ்லாந்து 93 ஆட்டங்களில் தோற்றது. ஜூலை 31 ட்ரேடுக்குக் கடைசி நாள். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு நிதானமான பிட்சர் தேவை. சான் டியேகோ பாட்ரெஸ் முதலிடத்துக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்தது, அவர்களுக்கு பேட்டர் தேவை. கார்டினல்ஸிடம் ரயன் லட்விக் என்ற பேட்டர் இருந்தார். பாட்ரெஸிடம் கிளீவ்லாந்துக்குப் பிடித்த ஓர் இளம் பிட்சர் இருந்தார்.

வெஸ்ட்புரூக் கார்டினல்ஸுக்கு, லட்விக் பாட்ரெஸுக்கு, கோரி குளூபர் கிளீவ்லாந்துக்கு. பாட்ரெஸ் அதிகம் அறியப்படாத ஒரு பிட்சரைக் கார்டினல்ஸுக்கும் அனுப்பியது. வெஸ்ட்புரூக்கின் மிச்சச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கிளீவ்லாந்தே ஏற்றுக்கொண்டது.

குளூபருக்கு அப்போது 24 வயது. ஸ்டெட்சன் பல்கலைக்கழகத்திலிருந்து 2007இல் நான்காவது சுற்றில் தேர்வானவர். மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே, சான் ஆன்டோனியோவில் ஆடிக்கொண்டிருந்தார். ஸ்ட்ரைக்அவுட் (பேட்டர் பந்தை அடிக்க முடியாமல் மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது) நிறைய எடுத்தார், சிறந்த இளம் வீரர்கள் பட்டியல்களில் பெயர் இல்லை. அந்த நாளின் செய்திகளில் வெஸ்ட்புரூக்கும் லட்விக்கும் தலைப்பு, இவர் கடைசி வரி.

மற்ற இரண்டு அணிகளுக்கும் என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். லட்விக் சான் டியேகோவில் .211 அடித்தார். பாட்ரெஸ் கடைசி நாளில் தோற்று அடுத்த சுற்றைத் தவறவிட்டது. கார்டினல்ஸ் வெஸ்ட்புரூக்கை அடுத்தும் வைத்துக்கொண்டது. 2011 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், தோல்வியின் விளிம்பிலிருந்து பதினோராவது இன்னிங்ஸில் அவர்கள் மீண்டபோது, வெற்றிக் கணக்கு எழுதப்பட்டது வெஸ்ட்புரூக் பெயரில். மறுநாள் அவர்கள் உலகச் சாம்பியன். ஆகவே கிளீவ்லாந்து யாரையோ ஏமாற்றிவிட்டது என்று சொல்ல முடியாது. கார்டினல்ஸ் கேட்டது கிடைத்தது.

கொலம்பஸில் நடந்தது

ட்ரேட் சங்கிலிக் கதைகள் வழக்கமாக இங்கிருந்து நேராக விருதுக்குத் தாவிவிடும். இடையில் ஒரு கடினமான காலம் இருக்கிறது.

2011இல் குளூபர் மைனர் லீக்கின் (மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள படிகள்) மேல்படியான கொலம்பஸில் 7 வெற்றி, 11 தோல்வி, 5.56 இ.ஆர்.ஏ. மேலே சொன்ன கணக்குப்படி வேலைக்கு ஆபத்தான எண். பந்து வேகமாகத்தான் வந்தது. ஆனால் நேராக வந்தது, நேராக வரும் பந்தை மேல்மட்ட பேட்டர்கள் விடமாட்டார்கள்.

2012இல் கொலம்பஸின் பிட்சிங் பயிற்சியாளர் அவரை வழக்கமான நேர்ப்பந்தை விட்டுவிட்டு, தையலைப் பிடிக்கும் விதத்தை மாற்றி, கடைசியில் தாழ்ந்து உள்ளே வரும் ‘சிங்கர்’ பந்தை வீசச் சொன்னார். இது ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் சக்கரத்தை மாற்றுவது மாதிரி. உடனே பலன் தெரியவில்லை. அந்த ஆண்டு மேஜர் லீக்கில் 2 வெற்றி, 5 தோல்வி, 5.14. ஆனால் சிங்கர் ஒரு பக்கம் போக, அவருடைய வளையும் பந்து மறுபக்கம் போக, பேட்டருக்கு எது எது என்று பிரிக்க முடியாமல் போனது. 2013இல் 11 வெற்றி, 5 தோல்வி, 3.85.

என் கருத்தில் ட்ரேட் கொண்டுவந்தது ஒரு 5.56 பிட்சரை. நட்சத்திரத்தைக் கொண்டுவந்தது கொலம்பஸ். 26 வயது வரை ஒரு பிட்சரைப் பொறுத்துக்கொள்ளும் நிலையில் அணி இருந்ததும் ஒரு காரணம். அவசரமாக ஜெயிக்க வேண்டிய அணியாக இருந்திருந்தால் 2012லேயே அவரை வேறு யாருக்காவது கொசுறாகக் கொடுத்திருப்பார்கள்.

பலன்

2014: 18 வெற்றி, 2.44 இ.ஆர்.ஏ., 269 ஸ்ட்ரைக்அவுட். அமெரிக்கன் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதில் சியாட்டிலின் ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸை 169-159 புள்ளிகளில் முந்தினார்.

2015 மே 13 அன்று எட்டு இன்னிங்ஸில் ஒரே ஒரு ஹிட் கொடுத்து 18 ஸ்ட்ரைக்அவுட். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்துக்கு பாப் ஃபெல்லர் வைத்திருந்த அணிச் சாதனையைச் சமன் செய்தார். எதிரணி கார்டினல்ஸ்!

2016இல் அணியை உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை இழுத்துச் சென்றார். முதல், நான்காவது ஆட்டங்களை வென்று, ஓய்வு போதாமல் ஏழாவதில் வீசினார். சிகாகோ கப்ஸ் பத்தாவது இன்னிங்ஸில் வென்றது. 2017இல் 18 வெற்றி, 4 தோல்வி, 2.25, இரண்டாவது சை யங். 2018இல் 20 வெற்றி.

2019: விற்கத் தாமதித்தது

2015இல் குளூபரோடும் முன்கூட்டியே நீண்ட ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். 2018-19 குளிர்காலத்தில் அவரை விற்கப் போகிறார்கள் என்ற பேச்சு எங்கும் இருந்தது. 20 வெற்றி எடுத்த பிட்சர், ஒப்பந்தத்தில் காலமும் மிச்சம். மதிப்பு உச்சத்தில் இருந்தது. அணி விற்கவில்லை.

2019 மே 1 அன்று பேட்டர் அடித்த பந்து நேராக வந்து அவருடைய வலது முன்கையை முறித்தது. ஏழு ஆட்டங்களோடு சீசன் முடிந்தது, 5.80. அந்தக் குளிர்காலத்தில் 17.5 மில்லியன் டாலர் கொடுத்து 2020க்கான விருப்ப ஆண்டை (அணி விரும்பினால் ஒப்பந்தத்தை நீட்டிக்கொள்ளும் ஆண்டு) அணி உறுதி செய்தது. காயம்பட்ட, 33 வயது பிட்சருக்கு இவ்வளவா என்று கேட்கலாம். மறுபடியும் அதே தர்க்கம்தான், உறுதி செய்யாவிட்டால் விற்பதற்கு எதுவும் இருக்காது. டிசம்பர் 15 அன்று டெக்ஸஸுக்கு விற்றார்கள். வந்தவர்கள் டெலினோ டிஷீல்ட்ஸ் என்ற அவுட்ஃபீல்டரும், இமானுவேல் கிளாஸே என்ற டொமினிக்கன் பிட்சரும்.

எதிர்வினை ஏளனமாக இருந்தது. இரண்டு சை யங்குக்கு இவ்வளவுதானா? 2020 மேயில் கிளாஸே தடை செய்யப்பட்ட ஊக்கமருந்துக்காக 80 ஆட்டத் தடை வாங்கினார், அந்தச் சீசன் முழுவதும் போயிற்று. டெக்ஸஸில் குளூபர் ஒரே ஒரு இன்னிங்ஸ் வீசித் தோள்பட்டைக் காயத்தோடு உட்கார்ந்தார்.

தடை முடிந்து வந்த கிளாஸே மணிக்கு 100 மைல் வேகத்தில் கடைசி நொடியில் விலகும் ‘கட்டர்’ பந்தை வீசினார். 2021இல் 1.29 இ.ஆர்.ஏ. 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் ஆட்டத்தை முடித்துவைக்கும் ‘சேவ்’ எண்ணிக்கையில் லீக்கின் முதலிடம்: 42, 44, 47. 2024இல் இ.ஆர்.ஏ. 0.61.

என்ன மாறியிருக்கலாம்

குளூபரை 2018 இறுதியிலேயே விற்றிருக்க வேண்டும் என்பது எளிதில் சொல்லக்கூடியது. லாஃப்டனிடமும் ஜஸ்டிஸிடமும் கடைப்பிடித்த விதியை அங்கே மீறினார்கள். ஆனால் அப்போது அணி மூன்று ஆண்டுகளாகப் பிரிவில் முதலிடம். ஜெயிக்கும் அணி தன் முதல் பிட்சரை விற்றால் அதற்கும் ஒரு விலை உண்டு. 1997 மார்ச்சில் ஊர் பட்ட கோபத்தை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. தாமதித்தும் கிளாஸே கிடைத்தது அதிர்ஷ்டம். அடுத்தவர் இதை முன்மாதிரியாக எடுக்கக் கூடாது.

நான் மாற்றச் சொல்வது மதிப்பிடும் கால அளவை. 2000 ட்ரேடை அந்த ஆண்டே எடை போட்டவர்கள் தவறாக எடை போட்டார்கள், நான்கு ஆண்டு கழித்து வெஸ்ட்புரூக் தலைகாட்டினார். 2010 பேரம் நான்கு ஆண்டு கழித்துத்தான் பேசப்பட்டது. ட்ரேடில் வரும் இரண்டாவது, மூன்றாவது பெயருக்குக் குறைந்தது நான்கு சீசன் கணக்கு வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. காய்த்த கொசுறுகளை மட்டும் வரிசைப்படுத்தினால் நிர்வாகம் தீர்க்கதரிசி மாதிரித் தெரியும். அதே காலத்தில் வந்து, யார் நினைவிலும் தங்காமல் போன கொசுறுகள் பல மடங்கு. ரோடி, லெடே, டிஷீல்ட்ஸ் மூவரும் இதே சங்கிலியில் இருப்பவர்கள்தான்.

2025 ஜூலை

2025 கோடையில் கிளாஸேவின் பெயர் ட்ரேட் பேச்சில் அடிபட்டது. ஒப்பந்தத்தில் காலம் மிச்சம், குறைந்த சம்பளம், வாங்க ஆள் உண்டு. கெடு ஜூலை 31. மூன்று நாள் முன்பு, 28ஆம் தேதி, பந்தய சூதாட்டம் தொடர்பான விசாரணைக்காக லீக் அவரைச் சம்பளத்தோடு விடுப்பில் வைத்தது. நவம்பரில் புரூக்ளினில் கூட்டாட்சி அரசு அவர்மீது குற்றச்சாட்டைப் பதிவு செய்தது. அவர் மறுத்தார். ஜூலை 31 மாலை கெடு முடிந்தபோது, 1991இல் ஒரு கேட்சரில் தொடங்கிய சங்கிலியில் அடுத்த பெயர் எதுவும் சேரவில்லை.